காதடைப்பான்: எதை வாங்குவது, எப்படி அணிவது, உளூவிலும் நோன்பிலும் என்ன செய்வது?

வளைகுடாவில் ஒரே அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் என்று தங்கியிருக்கும் சகோதரர்களிடமிருந்தும், ஊரில் இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் உறங்குகிறவர்களிடமிருந்தும் அடிக்கடி வரும் கேள்வி இது: "ஹஜ்ரத், காதில் இயர் பிளக் வைத்துக்கொண்டு தூங்கலாமா? உளூவுக்குக் கழற்ற வேண்டுமா? நோன்பு முறிந்துவிடுமா?" கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டில் பிள்ளையைப் பொதுத்தேர்வுக்குப் படிக்க வைக்கும் தாய்மார்களும் கேட்கிறார்கள். மார்க்கச் சட்டத்தை மட்டும் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் கேட்பவர்களில் பலர் ஏதோ ஒன்றை வாங்கி, அரைகுறையாகச் செருகி, "இதெல்லாம் சரிப்படாது" என்று தூக்கிப் போட்டிருக்கிறார்கள். வேறு சிலர் தேவைக்கு மேல் அடைத்துக்கொண்டு பாங்கும் கேட்காமல், குழந்தையின் அழுகையும் கேட்காமல் கிடக்கிறார்கள். எனவே பொருளைப் பற்றி முதலில் பார்ப்போம், சட்டத்தைப் பிறகு பார்ப்போம்.

செவி, பார்வை, உள்ளம் ஆகிய மூன்றைப் பற்றியும் மனிதன் விசாரிக்கப்படுவான் என்று திருக்குர்ஆன் 17:36 எச்சரிக்கிறது. எதைக் கேட்டோம் என்பதைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். அந்தச் செவியைப் பழுதாகாமல் வைத்திருந்தோமா என்பதும் அமானிதத்தில் சேர்ந்ததுதானே. உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. பெருஞ்சத்தத்தால் அவை அழிந்தால் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. வலி எதுவும் தெரியாமலே கேட்கும் திறன் குறைந்துகொண்டு போகும். முதலில் போவது மெல்லிய, கூர்மையான ஓசைகள். "பேசுவது கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் புரியவில்லை" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பல நேரங்களில் இந்த நிலையைத்தான்.

எவ்வளவு சத்தம் அதிகம்? ஒலியை அளக்கும் அலகு டெசிபல். இது சாதாரணக் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை. 3 டெசிபல் கூடினாலே காதில் விழும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிவிடும். அமெரிக்காவின் பணியிட நலன் ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. 88 ஆனால் 4 மணி நேரம், 91 ஆனால் 2 மணி நேரம், 94 ஆனால் ஒரு மணி நேரம், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். மண்டபத்தில் ஸ்பீக்கர் பெட்டிக்கு அருகே மேசை போட்டு உட்காரவைத்தால் பிரியாணி பரிமாறி முடிப்பதற்குள் அந்தக் கால் மணி நேரம் கடந்துவிடும். ஐஃபோன் வைத்திருப்பவர்கள் நியோஷின் இலவசச் செயலியைக் கொண்டே ஓரளவு அளந்து பார்க்கலாம். செயலி இல்லையென்றால், ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடத்தின் சத்தம் காதுக்குக் கேடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தைக் கெடுக்கும் சத்தம் இதைவிட எவ்வளவோ குறைவாக இருக்கும். நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரையறுக்கின்றன. நம் தெருக்களில் இது எந்த அளவுக்கு மதிக்கப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. குகைவாசிகளை அல்லாஹ் நீண்ட காலம் உறங்கவைத்ததைச் சொல்லும் 18:11 வசனம், அவர்களின் காதுகளைக் குறிப்பிட்டே அதைச் சொல்கிறது. உறங்குகிறவனை எழுப்பிவிடுவது காதில் விழும் ஓசை என்பதால் காது தனித்துக் கூறப்பட்டது என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். கண்ணை மூடிக்கொள்ள இமை உண்டு, காதுக்கு அது இல்லை என்பதால்தான் இந்தச் சிறு கருவி தேவைப்படுகிறது.

எந்த வகை?

மருந்துக்கடையில் கிடைக்கும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிற ஃபோம் உருளைகள் விலை மலிவு. விரலால் உருட்டி மெலிதாக்கிச் செருகினால் உள்ளே விரிந்து அடைத்துக்கொள்ளும். சரியாக அணிந்தால் சத்தத்தை நன்றாகவே குறைக்கும். ஆனால் அவை ஒருமுறை, இருமுறை உபயோகத்துக்கானவை. கழுவினால் கெட்டுவிடும். வியர்வையும் அழுக்கும் ஏறியதை மறுபடி காதில் வைப்பது நல்லதில்லை. மெழுகு, சிலிக்கான் களி வகைகளும் உண்டு. ஜெர்மனியின் ஓரோபாக்ஸ் நிறுவனம் மெழுகும் பஞ்சும் கலந்து விற்கத் தொடங்கியது இந்த வகைதான். களி வகையைத் துவாரத்தின் வாயில் மூடிபோல அப்ப வேண்டும், உள்ளே திணிக்கக் கூடாது.

அன்றாடம் அணிகிறவர்களுக்கு ஏற்றது கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் சிலிக்கான் வகை. இதில் இரண்டு விதம். ஒன்று, சிறு குடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற இரண்டு அல்லது மூன்று அடுக்கு பிளக். தொழிற்சாலைகளில் நீல நிறக் கயிற்றோடு கொடுப்பார்களே, அதுதான். மற்றொன்று, நடுவில் நுண்துளையுள்ள வடிகட்டி பொருத்தியது. சாதாரண பிளக் கூர்மையான ஓசைகளை அதிகமாகவும் கனத்த ஓசைகளைக் குறைவாகவும் தடுக்கும். அதனால் பேச்சு மங்கலாகக் கேட்கும், ஸ்பீக்கரின் 'தும் தும்' மட்டும் வந்துகொண்டே இருக்கும். வடிகட்டி வகை எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே அளவில் தாழ்த்தும். ரேடியோவின் ஒலியைக் குறைத்து வைத்ததுபோல எல்லாம் கேட்கும், மெதுவாகக் கேட்கும். கல்யாண மண்டபம், பேருந்துப் பயணம், குழந்தைகள் ஓடியாடும் வீடு, கூச்சலான அலுவலகம் ஆகியவற்றுக்கு வடிகட்டி வகையே சிறந்தது. தறிக்கூடம், தோல் பதனிடும் ஆலை, மரம் அறுக்கும் பட்டறை போன்ற இடங்களுக்கு அடுக்கு வகை வேண்டும். தூக்கத்துக்குத் தண்டு குட்டையான, மென்மையான சிலிக்கான் வாங்குங்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது நீண்ட தண்டு தலையணையில் இடித்துக் காதை நோகச் செய்யும். கயிறு இணைத்ததை உறக்கத்தில் அணியவே கூடாது, கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

வீட்டில் இருக்கும் சாதாரணப் பஞ்சை உருட்டி வைப்பது மனத்துக்கு ஆறுதலே தவிர, சத்தத்தை மிகக் கொஞ்சமே தடுக்கும். அதன் இழை உள்ளே தங்கிவிடும் தொல்லை வேறு. நீச்சலுக்கான பிளக் தண்ணீருக்காகச் செய்யப்பட்டது, அதைச் சத்தத்துக்காக வாங்க வேண்டாம்.

அட்டையில் உள்ள எண்

பெட்டியின்மேல் என்.ஆர்.ஆர். அல்லது எஸ்.என்.ஆர். என்று ஓர் எண் இருக்கும். முன்னது அமெரிக்க முறை, பின்னது ஐரோப்பிய முறை. இரண்டும் ஆய்வுக்கூடத்தில் எடுத்த அளவுகள். கணக்கிடும் விதம் வேறு என்பதால் ஒரே பொருளுக்கே இரண்டு எண் வரும். த்ரீஎம் நிறுவனத்தின் அல்ட்ராஃபிட் என்ற மூன்றடுக்கு பிளக்கின் என்.ஆர்.ஆர். 25, எஸ்.என்.ஆர். 32. ஒன்றின் என்.ஆர்.ஆரை மற்றொன்றின் எஸ்.என்.ஆருடன் ஒப்பிட்டு "இதில் எண் அதிகம்" என்று வாங்கினால் ஏமாந்து போவோம். எந்த எண்ணுமே அச்சிடாத பொருளை வாங்காதீர்கள். இணையக் கடைகளில் "100 சதவீத அமைதி" என்று போட்டிருப்பது வெறும் பேச்சு. காதை முழுதாக அடைத்தாலும் மண்டை எலும்பின் வழியாக ஒலி உள்ளே போகத்தான் செய்யும். முழு அமைதியைத் தரும் காதடைப்பான் உலகத்தில் கிடையாது.

அந்த எண்ணும் அப்படியே கிடைக்காது. தொழிற்கூடங்களுக்கு அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்புத் துறை சொல்லும் எச்சரிக்கையான கணக்கு: என்.ஆர்.ஆரிலிருந்து 7ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்கு. 25 என்று போட்டிருந்தால் கைக்கு வருவது 9. பயிற்சியோடு சரியாக அணிகிறவருக்கு இதைவிட அதிகம் கிடைக்கும், அலட்சியமாகச் செருகுகிறவருக்கு இதுவும் கிடைக்காது. எண்ணில் 25க்கும் 28க்கும் உள்ள வேறுபாட்டைவிட, உங்கள் காதுக்கு அளவு பொருந்துகிறதா என்பதே பெரிது.

ஆலையில் வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 30 டெசிபல் தடுக்கும் அடைப்பானை 8 மணி நேர வேலையில் அரை மணி நேரம் மட்டும், பேசுவதற்கென்று கழற்றி வைத்தால், அன்று முழுதும் சேர்த்துக் கிடைத்த பாதுகாப்பு சுமார் 12 டெசிபலாக இறங்கிவிடும். அந்த அரை மணியில் உள்ளே போன ஒலியின் ஆற்றல் அவ்வளவு. பேச வேண்டுமானால் இயந்திரத்தை விட்டு வெளியே வந்து கழற்றுங்கள்.

அன்றாடத் தேவைக்கு அதிக எண் வேண்டும் என்பதில்லை. மண்டபத்துக்கும் பயணத்துக்கும் 12 முதல் 20 வரையிலான எண் போதும். அதற்கு மேல் அடைத்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காமல் நீங்களே அடிக்கடி கழற்றுவீர்கள். அறைத்தோழரின் குறட்டைக்கு 25ஐ ஒட்டிய எண் பார்க்கலாம். ஆனால் குறட்டையில் கனத்த ஓசை அதிகம் என்பதால் முழுதும் நிற்காது. அடைப்பானோடு மின்விசிறியையும் ஓடவிட்டால் மீதியை அது மறைத்துவிடும். குறட்டை விடுகிறவர் இடையிடையே மூச்சு நின்று திணறி எழுகிறார் என்றால், உங்கள் காதை அடைப்பதோடு விட்டுவிடாமல் அவரை மருத்துவரிடம் அனுப்புங்கள். தூக்கத்தில் மூச்சடைக்கும் நோயின் அறிகுறி அது.

அணியும் முறை

காதுத் துவாரம் நேர்க்குழாயாக இல்லாமல் வளைந்து செல்கிறது. அதை நிமிர்த்தினால்தான் அடைப்பான் சரியாகப் போய் உட்காரும். வலது காதில் அணிய, இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து வலது காதின் மேல்மடலைப் பிடித்து மேலும் வெளியேயுமாக இழுங்கள். அப்படியே பிடித்துக்கொண்டு வலது கையால் பிளக்கின் தண்டைப் பிடித்து, மெல்லத் திருகியபடி உள்ளே செலுத்துங்கள். அடுக்கு வகையில் கடைசிக் குடையின் விளிம்பு துவாரத்தின் வாயை மூடியிருக்க வேண்டும். பலரும் முதல் அடுக்கு நுழைந்ததோடு விட்டுவிடுகிறார்கள். சத்தம் குறையவில்லை என்ற புகார் பெரும்பாலும் இதனால்தான்.

சரியாகப் பொருந்தியதா என்று பார்க்க இரண்டு வழி. அடைப்பானுடன் இரு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுக மூடித் திறந்து பாருங்கள். மூடும்போது சத்தம் மேலும் நிறையக் குறைந்தால் அடைப்பான் சரியாக இல்லை. அடுத்து, வாய்மூடி முனகுங்கள். உங்கள் குரல் தலைக்குள் கிணற்றில் பேசுவதுபோல முழங்கினால் நன்றாக அடைத்திருக்கிறது என்று பொருள். இந்த முழக்கம், மெல்லும் ஓசை, காலடி ஓசை எல்லாம் முதல் சில நாட்கள் உறுத்தும், பிறகு பழகிவிடும். ஒரு காதில் மட்டும் முழங்குகிறது என்றால் மற்றதை மாற்றிச் செருகுங்கள். ஒரே ஆளுக்கே இரண்டு காதின் அளவும் வேறாக இருப்பதுண்டு. சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு முனைகளும் சேர்ந்து வரும் பெட்டியாக வாங்கினால் ஆளுக்கேற்பவும் காதுக்கேற்பவும் மாற்றிக்கொள்ளலாம். பெண்களில் பலருக்குச் சிறிய முனையே பொருந்தும்.

எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். உள்ளே காற்று அடைபட்டிருப்பதால் செவிப்பறையில் இழுவிசை விழும். தண்டைப் பிடித்து மெல்லத் திருகி, காற்று உள்ளே போக விட்டுப் பிறகு எடுங்கள்.

ஹிஜாப் அணியும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. ஹெட்போன் போலக் காதை மேலிருந்து மூடும் இயர் மஃப் என்ற வகையைத் துணிக்கு மேல் போட்டால், துணியின் மடிப்பு வழியாகச் சத்தம் நுழைந்துவிடும். மூக்குக்கண்ணாடியின் கால்களும் அதே வேலையைச் செய்யும். காதுக்குள் வைக்கும் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் துணியை இறுக்கிச் சுற்றும்போது தண்டு உள்ளே அழுத்தும், ஆதலால் தண்டு குட்டையானதாகப் பாருங்கள்.

சுத்தம்

தினமும் அணிந்தால் தினமும் கழுவுங்கள். இளஞ்சூடான நீர், வாசனை குறைந்த சோப்பு, அவ்வளவே. ஸ்பிரிட், சானிடைசர் போன்றவை சிலிக்கானை நாளடைவில் கெடுக்கும். வடிகட்டி வகையில் முனையைக் கழற்றி அதை மட்டும் கழுவ வேண்டும். வடிகட்டியில் தண்ணீர் புகுந்தால் அடைத்துக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த பிறகே டப்பாவில் வைக்கவும். குளித்த உடனே, உளூச் செய்த உடனே ஈரக்காதில் செருகக் கூடாது. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் காதில் பூஞ்சை பிடிக்க அதுவே போதும். முனை விறைத்துப் போனாலோ, மஞ்சளித்தாலோ, விளிம்பு கிழிந்தாலோ மாற்றிவிடுங்கள். அண்ணன் தம்பியானாலும் கணவன் மனைவியானாலும் ஒருவர் அடைப்பானை மற்றவர் அணிய வேண்டாம்.

சிலர் அறவே அணியக் கூடாது. காதில் சீழ் வடிகிறவர்கள், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், அண்மையில் காது அறுவை செய்தவர்கள், காது வலியோ அரிப்போ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் உள்ளே வைக்காதீர்கள். குறும்பி அதிகம் சேருகிறவர்களுக்கு அடைப்பான் அதை மேலும் உள்ளே தள்ளும். காது அடைத்தாற்போலவே இருந்தால் கொண்டை ஊசியால் குடையாமல் மருத்துவரிடம் போய் எடுத்துவிடுங்கள். காதில் 'ங்ஙொய்' என்ற இரைச்சல் உள்ளவர்களுக்கு வெளிச்சத்தம் குறைந்ததும் அந்த இரைச்சல் பெரிதாகக் கேட்கும். இவர்களுக்குத் தூக்கத்தில் அடைப்பானைவிட மின்விசிறியின் ஓசையே இதம். சத்தம் பிடிக்கவில்லை என்று நாள் முழுதும், அமைதியான வீட்டிலும் அடைத்தே வைத்திருப்பவர்களுக்குக் கூச்சம் இன்னும் கூடி, பாத்திரம் வைக்கும் ஓசையே இடிபோல் தோன்ற ஆரம்பித்துவிடும். சத்தம் உள்ள நேரத்துக்கு மட்டும் அணியுங்கள்.

சிறு குழந்தைகளுக்கு இயர் பிளக் கூடாது. கழற்றி வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். மண்டபத்துக்குக் கைக்குழந்தையைக் கொண்டுபோனால் குழந்தைகளுக்கான இயர் மஃப் வாங்கிப் போடுங்கள், அல்லது ஸ்பீக்கரைவிட்டு எட்டப் போய் உட்காருங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் சத்தத்தைத் தாங்கமாட்டார்கள். அவர்களுக்கும் மஃப்தான் ஏற்றது. "பழகட்டும்" என்று அந்தப் பிள்ளைகளைச் சத்தத்தில் நிறுத்திவைப்பது கொடுமை.

சாலையில் நடக்கும்போதும் சைக்கிளில் போகும்போதும் அணியாதீர்கள். வீட்டில் கைக்குழந்தையோ, இரவில் கூப்பிடும் நோயாளியோ இருந்தால், இருவரில் ஒருவர் காது திறந்தபடி படுக்க வேண்டும். இதை முறைபோட்டுக்கொள்வது கணவன் மனைவிக்குள் நியாயம். வாப்பா மட்டும் தினமும் அடைத்துக்கொண்டு உறங்க, உம்மா மட்டும் எழுந்துகொண்டிருப்பது நியாயமாகாது.

மார்க்கச் சட்டம்

காதை அடைப்பது தன்னளவில் குற்றமான செயல் இல்லை. நூஹ் (அலை) அவர்களின் சமூகத்தார் சத்தியத்தைக் கேட்க மறுத்து விரல்களைக் காதில் திணித்ததை 71:7 வசனம் கண்டிக்கிறது. பிலால் (ரலி) அவர்கள் பாங்கு சொல்லும்போது விரல்களைக் காதுகளில் வைத்திருந்தது திர்மிதியில் வந்திருக்கிறது. எதைக் கேட்காமலிருக்க அடைக்கிறோம் என்பதைப் பொறுத்தே சட்டம். ஜும்ஆ குத்பாவின்போது அடைத்துக்கொண்டு உட்காருவது கூடாது. ஸ்பீக்கரின் சத்தம் காதைத் துளைக்கிறது என்றால் நிர்வாகிகளிடம் சொல்லிக் குறைக்கச் செய்யுங்கள். நம் பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் இது ஒரு வேண்டுகோள். உள்ளே இரண்டு வரிசை மட்டும் நிற்கும் தொழுகைக்கு மண்டபம் அதிரும் அளவு ஒலி எதற்கு?

உளூவில் காதுகளை உள்ளும் புறமும் மஸஹ் செய்வது ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் சுன்னத். அடைப்பானோடு உளூச் செய்தால் உளூ கூடும், சுன்னத்தை நிறைவாகச் செய்த நன்மை தவறும். கழற்றிவிட்டுச் செய்யுங்கள், அரை நிமிட வேலை. கடமையான குளிப்பில் நிலைமை வேறு. காதின் வெளியே தெரியும் பகுதிகள், மடிப்புகள் அனைத்திலும் நீர் பட்டாக வேண்டும். அடைப்பானின் விளிம்பு துவாரத்தின் வாயை மூடியிருப்பதால், கழற்றாமல் குளித்தால் குளிப்பே நிறைவேறாமல் போகலாம். தொழுகையும் அதனோடு போய்விடும். குளித்து வந்த பிறகுதான் காதில் அடைப்பான் இருந்தது நினைவுக்கு வருகிறது என்றால், கழற்றிவிட்டு அந்த இடத்தைக் கழுவிவிட்டால் போதும், முழுக் குளிப்பைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. அதற்கிடையில் தொழுதிருந்தால் அந்தத் தொழுகையை மீட்டிக்கொள்ளுங்கள்.

அடைப்பான் அணிந்தபடி தொழுதால் தொழுகை முறியாது. தன் ஓதல் தனக்குக் கேட்க வேண்டும் என்று ஷாஃபிஈ மத்ஹபில் நிபந்தனை உண்டே என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. தடையோ இரைச்சலோ இல்லாத நிலையில் கேட்கக்கூடிய அளவுக்கு நாவு அசைந்து ஓத வேண்டும் என்பதே அந்த நிபந்தனை. அடைப்பான் ஒரு தடை, எனவே பாதிப்பில்லை. ஆனால் ஜமாஅத்தில் இமாமின் அசைவு கண்ணாலோ காதாலோ தெரிய வேண்டும். தக்பீர் கேட்காத அளவுக்கு அடைத்துக்கொண்டு பின்வரிசையில் நிற்க வேண்டாம்.

நோன்புதான் கவனமாக இருக்க வேண்டிய இடம். ஷாஃபிஈ மத்ஹபில் காதின் உட்பகுதியும் உடலின் உள்ளறைகளில் ஒன்றாகக் கணக்கிடப்படுகிறது. காதின் உள்ளே சொட்டுவிடுவது நோன்பை முறிக்கும் என்பதே இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் வலுவானது என்று குறித்த கருத்து. நம் பக்கத்து மதரஸாக்கள் பலவற்றில் ஓதப்படும், பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் ஃபத்ஹுல் முஈனும் காதின் உட்பகுதியை இந்தப் பட்டியலில் சேர்க்கிறது. அங்கே சொல்லப்படுவது மருந்து மட்டுமல்ல, உருவமுள்ள எந்தப் பொருளும்தான். ஆகவே இந்த மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள், துவாரத்தின் உள்ளே செல்லும் அடுக்கு வகையையும் ஃபோம் வகையையும் நோன்பின் பகல் பொழுதில் செருகக் கூடாது. காது உள்ளறை ஆகாது என்ற கருத்தும் மத்ஹபுக்குள் உண்டு, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அதைச் சரிகண்டிருக்கிறார்கள். ஆயினும் நடைமுறைச் சட்டம் முன்னதே.

ஹனஃபி மத்ஹபில் எண்ணெய், மருந்து போன்றவற்றைக் காதில் விட்டால் நோன்பு முறியும் என்று பழைய நூல்கள் கூறுகின்றன. உலர்ந்த குச்சியைக் காதில் விட்டு எடுத்தால் முறியாது என்றும் அவையே கூறுகின்றன. அதன்படி உலர்ந்த சிலிக்கான் அடைப்பானால் நோன்புக்குக் கேடில்லை. வழவழப்புக்காக எண்ணெய் தடவிச் செருகுவதைத் தவிர்க்க வேண்டும். செவிப்பறை ஓட்டையின்றி இருந்தால் காதிலிருந்து தொண்டைக்கு வழியில்லை என்பதை இன்றைய மருத்துவம் தெளிவாக்கிவிட்டது. இதைக் கருத்தில் கொண்டு, 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தொண்டைக்கு வருவதை விழுங்காதவரை காதுச் சொட்டு மருந்தும் நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. இந்தத் தீர்மானத்தை ஏற்கும் ஆலிம்களிடம் அடைப்பானுக்குத் தடையே எழாது.

ஷாஃபிஈ குடும்பத்துச் சகோதரர் ரமளானில் ஸஹர் முடித்து, சுப்ஹு தொழுது, பகலில் உறங்கியாக வேண்டும் என்றால் என்ன செய்வார்? காதின் வெளியே மூடும் இயர் மஃப் அணியலாம், அதில் உள்ளே செல்வது எதுவுமில்லை. மல்லாந்து படுப்பவருக்கு அது வசதி, ஒருக்களித்துப் படுப்பவருக்கு இடிக்கும். மின்விசிறியும், கனமான திரைச்சீலையும், கதவின் அடி இடுக்கில் ஒரு துணியும் சேர்ந்தாலே நல்ல மாற்றம் தெரியும். சட்டம் தெரியாமல் சென்ற ஆண்டுகளில் அடைப்பானோடு நோன்பு வைத்தவர்கள் பதற வேண்டாம். எந்த மத்ஹப், எப்படிப்பட்ட அடைப்பான், எத்தனை நாள் என்பதைச் சொல்லித் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தூங்குகிறவர் மீது குற்றமில்லை என்ற சலுகையை, தொழுகையை விட்டுவிட்டு உறங்க ஒரு வழியாக ஆக்கிக்கொள்ளக் கூடாது. நேரம் வந்த பிறகு, எழுந்துவிடுவோம் என்ற உறுதியில்லாமல் தொழாமல் படுப்பது பாவம். காதை அடைத்துப் படுப்பவர் கையில் அதிரும் கடிகாரம் கட்டிக்கொள்ளட்டும். தலையணைக்கு அடியில் வைக்கும் அதிர்வு அலாரமும் கிடைக்கிறது. செல்போனை அதிர்வில் போட்டு மெத்தைமேல் வைத்தால் பெரும்பாலும் உறைக்காது. முதல் சில நாட்கள் அறைத்தோழர் ஒருவரிடம் எழுப்பிவிடச் சொல்லிவைப்பதும் நல்லது.

ஹஜ்ஜுக்குச் செல்கிறவர்களுக்கு மினா கூடாரங்களில் இது பெரிதும் உதவும். தலை மாட்டோடு தலைமாடாகப் பலர் படுத்திருக்கும் இடத்தில் நாலு குறட்டையாவது கேட்கும். இஹ்ராமில் ஆண்கள் தலையை மறைக்கக் கூடாது என்பதால், தலைமேல் பட்டை வரும் மஃப் வகையைத் தவிர்ப்பதே பேணுதல். காதுக்குள் வைக்கும் வகை தலையை மறைப்பதில் சேராது. இஹ்ராமில் இருக்கும்போது அதை வாசனை சோப்பால் கழுவாமல் வெறும் நீரில் கழுவிக்கொள்ளுங்கள். இரண்டு ஜோடி கொண்டுபோங்கள், கூடாரத்தில் ஒன்று எப்படியும் தொலையும். ஊரிலேயே பத்து நாள் அணிந்து பழகிவிட்டுப் புறப்படுங்கள். அங்கே போய் முதன்முதலாகச் செருகிப் பார்த்தால் அன்றிரவும் தூக்கம் வராது.